எக்கோ ரிப்போர்ட்டில் ‘மாஸ்’ என்று எழுதியிருந்தால்: இதயத்தில் தற்செயலாகத் தெரியும் சதைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“அவரை மஹரகமவுக்கு அனுப்பிட்டாங்களாம்” என்று கொழும்பில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால், என்ன வருத்தம் என்று மற்றவர் கேட்க மாட்டார். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். நம்பிக்கை என்று பொருள்படும் சொல். ஆனாலும் புறக்கோட்டையில் 138 பஸ்ஸில் ஏறி மஹரகமவுக்கு டிக்கெட் எடுக்கும்போது, தெரிந்த முகம் ஏதும் பின்சீட்டில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு மாதம் நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 71 வயதில் அயோர்ட்டிக் வால்வை மாற்றினார்கள். பழைய வால்வை எடுக்கும்போது, அதன் பக்கத்தில் பச்சைப்பயறு அளவில் ஒரு சாம்பல்நிறத் துணுக்கு தளர்வாக ஒட்டிக்கிடந்திருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமை கழித்து வந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி: சுரப்பிபோல் அடுக்கிய கலங்கள் தெரிகின்றன, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயா என்று பார்க்கவேண்டும். வால்வு நன்றாக வேலை செய்தது, காயம் ஆறிவிட்டது, வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அது புற்றுநோயே இல்லை. அதற்கு ‘மைஸ்’ என்று ஒரு பெயர் இருக்கிறது என்பது அந்த மாதக் கடைசியில்தான் தெரிந்தது. அதற்குள் தேவையில்லாத இரண்டு ஸ்கேன்களும் நிறையக் கண்ணீரும் போயிருந்தன. நான் வைத்தியர் இல்லை. அந்த ஒரு மாதத்தில் வைத்திய நிபுணர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை, அடுத்த குடும்பத்துக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன். சிகிச்சை முடிவை உங்கள் இதயநோய் நிபுணரோடு கதைத்துத்தான் எடுக்கவேண்டும். கதைக்கும்போது எதைக் கேட்பது என்பதற்கு இது உதவும்.

படி 1: கேள்விக்குறியையும் சேர்த்து வாசியுங்கள்

எக்கோ என்பது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். நம் ஊரில் அதன் ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் வரும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அதை வாங்கி வாசிக்கும், முதலில் கண்ணில் படும் சொல்லிலேயே நின்றுவிடும். ‘மாஸ்’ என்றால் அங்கே ஏதோ ஒரு திரள் தெரிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். இரத்தக்கட்டி, கொழுப்பு, கல்சியம், பிறவியிலேயே உள்ள ஒரு தசைமடிப்பு எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

ஒரு நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தால் ‘இதுவாக இருக்குமோ’ என்று வைத்தியர் தனக்குத்தானே எழுதிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரூல் அவுட்’ என்று இருந்தால் அது இல்லை என்று உறுதிசெய்யப் பாருங்கள் என்று பொருள். எங்கள் வீட்டில் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு ஒரு இரவு முழுக்க விழித்திருந்தோம். ‘இன்சிடென்டல்’ என்றால் வேறு எதையோ தேடிப் போனபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது.

சரி, இனி ரிப்போர்ட்டில் நான்கு விவரங்களைத் தேடுங்கள். எந்த அறையில் அல்லது எந்த வால்வில் இருக்கிறது? எத்தனை மில்லிமீற்றர்? காம்பு வைத்து ஒட்டியிருக்கிறதா, அகலமான அடியோடு பதிந்திருக்கிறதா? இதயம் துடிக்கும்போது ஆடுகிறதா? இந்த நான்கும் இல்லாத ரிப்போர்ட் என்றால், எக்கோ பார்த்தவரிடமே திரும்பப் போய்ப் பணிவாகக் கேட்கலாம், தப்பில்லை.

அப்புறம், வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டோடு தரும் கறுப்பு வெள்ளைப் படத்தாள் போதாது. இதயம் அசையும் உறுப்பு, அதிலுள்ள ஒன்றின் குணம் அசைவில்தான் தெரியும். சீடியிலோ பென் டிரைவிலோ கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சில வருடங்களுக்கு முன் எடுத்த பழைய எக்கோ அலமாரியில் கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பும் அதே அளவில் அதே இடத்தில் இருந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

படி 2: எந்த அறை என்று பாருங்கள்

பள்ளிக்கூடத்தில் சோணையறை, இதயவறை என்று படித்தோமே, அதை இங்கே மேலறை, கீழறை என்றே வைத்துக்கொள்வோம். இதயத்துக்குள் ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று சில ‘வேஷக்காரர்கள்’ இருக்கிறார்கள். நோயே இல்லாமல் கட்டிபோல் தெரிபவர்கள்.

வலது மேலறையில் கிறிஸ்டா டெர்மினாலிஸ் என்ற தசைவரம்பு எல்லோருக்கும் உண்டு. சிலருக்குக் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், எக்கோவில் உருண்டையாகத் தெரியும். அதே அறையில் கருப்பைக் காலத்து மிச்சமாக யூஸ்டேஷியன் வால்வு என்ற மடிப்பும், சிலருக்கு வலைபோல் ஆடும் கியாரி நெட்வொர்க்கும் இருக்கும். ஹான்ஸ் கியாரி 1897இல் விவரித்த இந்த வலை, நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது. வலது கீழறையில் குறுக்கே ஓடும் மொடரேட்டர் பாண்ட், இடது கீழறையில் நூல்போன்ற பொய்த்தசைநாண்கள் எல்லாம் இதே கதைதான்.

இடது மேலறையில் நடந்த ஒரு பழைய தவறு அங்குள்ள ஒரு மடிப்புக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. நுரையீரல் நாளமும் மேலறையின் காதுபோன்ற பையும் சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு உண்டு, நுனி சற்றுப் பருத்திருக்கும். அந்தக் காலத்தில் அதை இரத்தக்கட்டி என்று நினைத்து, இரத்தத்தை உறையவிடாத வார்பரின் கொடுத்திருக்கிறார்கள். வார்பரினின் ஒரு வணிகப்பெயர் கூமடின். மடிப்புக்கும் ‘கூமடின் ரிட்ஜ்’ என்றே பெயர் வந்தது. வைத்திய உலகம் தன்னையே பகிடி பண்ணிக்கொண்ட அபூர்வமான இடம் இது.

இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் கொழுப்புச் சேர்ந்து 2 சென்டிமீற்றருக்கு மேல் தடித்துப்போவதும் உண்டு. வயதானவர்களிலும் உடல் பருத்தவர்களிலும் கூடுதலாகக் காணப்படும். சுவரின் நடுவிலுள்ள மெல்லிய குழியை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் தடிப்பதால், படத்தில் உடுக்கையைப் படுக்கவைத்ததுபோல இருக்கும். அந்த உடுக்கை வடிவத்தைக் கண்டால் அனுபவமுள்ள கண் அங்கேயே தணிந்துவிடும்.

அதே சுவரின் அதே குழிக்கருகில் காம்பு வைத்துத் தொங்குவது மிக்சோமா. இது உண்மையான கட்டி, ஆனால் தீங்கற்ற வகை. மிக்சோமாக்களில் நான்கில் மூன்றுக்கு மேல் இடது மேலறையில்தான் வரும். இதன் தொல்லை வேறு மாதிரி. சிலருக்குக் காய்ச்சல், மெலிவு, ஈஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனையில் கூடுதல் என்று புற்றுநோயின் அடையாளங்களையே காட்டும். துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். தீங்கற்றது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாத ஒன்று.

வால்வுகளில் நூல்போல ஆடும் லாம்பல் இழைகள் உண்டு. 1856இல் விவரித்தவர் வில்ஹெல்ம் லாம்பல் என்ற செக் நாட்டு வைத்தியர். வயிற்றோட்டம் தரும் ஜியார்டியா கிருமிக்கும் இவர் பெயரைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாவம், நல்ல காரியம் ஒன்றுக்கும் பெயர் கிடைக்கவில்லை. இந்த இழைகளைவிடப் பெரிதாக, தண்ணீரில் போட்டால் கடற்சாமந்திபோல விரியும் ஒன்று இருந்தால் அது பப்பிலரி பைப்ரோஎலஸ்டோமாவாக இருக்கலாம். அதுவும் தீங்கற்ற கட்டிதான், அதற்கும் பக்கவாத ஆபத்து உண்டு. மைட்ரல் வால்வின் அடிவளையத்தில் கல்சியம் படிந்து, உள்ளே பற்பசைபோலக் குழைந்துபோவது இன்னொரு வகை. வயதான பெண்களிலும் சிறுநீரக வருத்தக்காரரிலும் கூடுதல். தெரியாதவர் கண்ணுக்கு அது பெரிய கட்டி.

கடைசியாக, இதயத்துக்கு வெளியே இருந்து வேஷம் போடும் ஒருவர். இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறி, இடது மேலறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வதுண்டு. எக்கோவில் அது மேலறைக் கட்டிபோலவே தெரியும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, எக்கோ பார்க்கும்போதே நோயாளிக்குச் சோடா குடிக்கக் கொடுப்பது. ‘கட்டி’க்குள் குமிழி ஓடினால் அது வயிறு. இதைக் கேட்ட பெரியப்பா, “அப்ப எனக்கு ஜிஞ்சர் பியர் தரச் சொல்லு தம்பி” என்றார். அந்த மாதத்தில் அவர் விட்ட ஒரே பகிடி.

படி 3: இரத்தக்கட்டியையும் கிருமியையும் முதலில் கேளுங்கள்

இதயத்தினுள் தெரியும் திரள்களில் மிகச் சாதாரணமானது இரத்தக்கட்டி. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத ஏட்ரியல் பிப்ரிலேஷன் இருந்தால் இடது மேலறைப் பையிலும், மாரடைப்பு வந்தவருக்கு இடது கீழறையின் நுனியிலும் உறையும். அதனால் “இது இரத்தக்கட்டியாக இருக்க வாய்ப்புண்டா டொக்டர்?” என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. ஆம் என்றால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்துச் சில கிழமைகளில் திரும்ப எக்கோ பார்ப்பார்கள். கரைந்தால் கதை முடிந்தது. யாரோ சொன்னார் என்று வார்பரினை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்க்காமல் அந்த மருந்தோடு விளையாட முடியாது.

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, வால்வில் ஏதோ ஆடுகிறது என்றால் கிருமித்தொற்றை உடனே யோசிக்கவேண்டும். அன்டிபயோட்டிக் தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பவேண்டும். சந்திக்கடை மருந்தகத்தில் வாங்கி நாலு குளிசை போட்டுவிட்டுப் போனால் அந்தப் பரிசோதனையே குழம்பிப்போகும்.

படி 4: அடுத்த படம் எது, ஏன்

நெஞ்சின் மேலிருந்து பார்க்கும் எக்கோவில் தெளிவில்லை என்றால், உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். வைத்தியசாலையில் ‘டி.ஓ.ஈ.’ என்பார்கள். ஏறக்குறைய ஆறு மணிநேரம் பட்டினி, பொய்ப்பல்லைக் கழற்றவேண்டும், தொண்டைக்கு மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்பார்கள். முடிந்து வந்தவுடன் சூடாகத் தேத்தண்ணி கொடுத்துவிடாதீர்கள், மரத்த தொண்டை சுட்டால்கூடத் தெரியாது. வால்விலும் மேலறையிலும் உள்ள சின்னச் சின்ன விஷயங்களைப் பார்க்க இதற்கு நிகர் இல்லை.

சிடி ஸ்கேன் கல்சியத்தையும் கொழுப்பையும் அழகாகக் காட்டும். மேலே சொன்ன உடுக்கையும் பற்பசையும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இதய எம்ஆர்ஐ தான் ‘இது எதனால் ஆனது’ என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட விடை தருவது. கொழுப்பை மட்டும் அணைத்துவிடும் ஒரு முறை உண்டு, அதில் திரள் கறுத்துப்போனால் அது கொழுப்பு. கடோலினியம் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றி எடுக்கும் படத்தில், இரத்தக்கட்டி பெரும்பாலும் மருந்தை ஏற்காமல் கறுப்பாகவே கிடக்கும், ஏனென்றால் அதற்குள் இரத்தக்குழாய் இல்லை. உயிருள்ள கட்டி குடிக்கும். போகுமுன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள், பேஸ்மேக்கர் வைத்திருந்தால் நாள் பதியும்போதே சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இலவசம், வரிசை நீளம். தனியாரில் வரிசை குறைவு, விலை நீளம். அவசரமா, காத்திருக்கலாமா என்று வைத்தியரிடமே நேராகக் கேட்டு முடிவெடுங்கள். பயத்தில் மட்டும் காசைக் கொட்டவேண்டாம். நாங்கள் கொட்டினோம்.

பெட் ஸ்கேன் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் ஏற்றுவது ஒருவகைச் சீனி. சீனியை அதிகம் விழுங்கும் இடம் ஒளிரும், புற்றுநோய் அப்படி ஒளிரும் என்பது உண்மை. ஆனால் நல்ல இதயத்தசையும் சீனியை விழுங்கும். அதனால்தான் இதயத்தைப் பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு முன் சோறு, இடியப்பம், பாண், பழம், சீனி போட்ட தேத்தண்ணி எல்லாவற்றையும் நிறுத்தி, கொழுப்புணவு மட்டும் எடுத்துப் பின் பட்டினி இருக்கச் சொல்வார்கள். பெரியம்மா பாவம் பார்த்து ஒரு துண்டு பாண் கொடுத்தால் படம் கெட்டுவிடும். இதைவிட முக்கியமானது, அந்த உடுக்கை வடிவக் கொழுப்புக்குள் சீனியை விழுங்கும் பழுப்புக்கொழுப்பு கலந்திருப்பதால் அதுவும் பெட் ஸ்கேனில் ஒளிரக்கூடும். வேறு வருத்தத்துக்காக ஸ்கேன் எடுத்தவருக்கு ‘இதயத்துக்கும் பரவிவிட்டது’ என்ற பயம் இப்படியும் வரலாம். பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால், அதே இடத்தைச் சிடியில் கொழுப்பா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள்.

படி 5: தராசு எந்தப் பக்கம் சாய்கிறது

இதயத்திலேயே தொடங்கும் கட்டி மிக அரிது. இதயத்தசைக் கலங்கள் பிறந்த பிறகு பெருகுவதே மிகக் குறைவு என்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்படித் தொடங்குபவற்றிலும் நான்கில் மூன்றுக்கு மேல் தீங்கற்றவை. வேறிடத்துப் புற்றுநோய் இதயத்துக்குப் பரவுவது அதைவிட 20 மடங்குக்கும் மேல் சாதாரணம். நுரையீரல், மார்பகம், இரத்தப் புற்றுநோய்கள், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆகியவை அப்படி வரும். ஆகவே முன்பு புற்றுநோய் இருந்தவர் அதை மறைக்கவே கூடாது. மருமகள் பக்கத்தில் நிற்கிறாள் என்று சொல்லாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள், நிபுணர் அறைக்குள் அந்த வெட்கம் வேண்டாம்.

புற்றுநோய்ப் பக்கம் சாய்க்கும் அடையாளங்கள்: 5 சென்டிமீற்றரைத் தாண்டிய அளவு, அகலமான அடி, ஒழுங்கற்ற ஓரம், ஒரு சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குள் போவது, இதய உறைக்குள் இரத்தம் கலந்த நீர், ஒன்றுக்கு மேற்பட்ட இடம், வேகமான வளர்ச்சி. வலது மேலறையில் இப்படி ஒன்று இருந்தால் அன்ஜியோசார்கோமா என்ற புற்றுநோயை நினைப்பார்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருப்பது தீர்ப்பாகாது. நாலைந்து சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது, மஹரகம பஸ்ஸுக்கு வெட்கப்படவும் கூடாது.

படி 6: நுண்ணோக்கியின் கீழே ஏமாறும் இடம்

இனி பெரியப்பாவின் பச்சைப்பயறுக்கு வருகிறேன். படத்தில் ஏமாறுவது ஒருவகை. சதையையே வெட்டிக் கண்ணாடித்தகட்டில் வைத்துப் பார்த்தும் ஏமாறுவது இன்னொரு வகை, அதுதான் மனதை உடைப்பது. ‘பயொப்சியே சொல்லிவிட்டது, இனி என்ன’ என்று குடும்பம் கைவிட்டுவிடும்.

மைஸ் என்பது ஒரு சுருக்கம். மீசோதீலியல் மொனோசைட்டிக் இன்சிடென்டல் கார்டியாக் எக்ஸ்கிரெசென்சஸ் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகள். 1994இல் இந்தப் பெயரோடு வைத்திய இலக்கியத்தில் வந்தது. ஆங்கிலத்தில் எலிகள் என்று அர்த்தம் வரும். “இதயத்துக்குள்ள எலியா?” என்று பெரியம்மா கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குள் மூன்று சாமான்கள் இருக்கும். துப்புரவு வேலை பார்க்கும் ஹிஸ்டியோசைட் கலங்கள் கூட்டமாக. இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் உள்தோலான மீசோதீலியம் கீற்றுக்கீற்றாக. இவற்றைப் பிடித்துவைக்க, இரத்தம் உறையும்போது உண்டாகும் பைப்ரின் நார். நடுவே கொழுப்புத்துளிபோன்ற வட்ட வெற்றிடங்கள். முக்கியமாக, அதற்கென்று சொந்த இரத்தக்குழாயோ தாங்குசதையோ இருக்காது. வளர்ந்த ஒன்று என்பதைவிட, ஒட்டிச் சேர்ந்த ஒன்று என்றே அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

எப்படிச் சேர்கிறது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று. திறந்த இதய ஒப்பரேஷனில் நெஞ்சுக்குள் சேரும் இரத்தத்தை உறிஞ்சும் குழாய், உறையின் உள்தோலையும் கூடவே சுரண்டி எடுக்கிறது. பால் காய்ச்சிய சட்டியை அகப்பையால் வழிக்கும்போது ஆடை சுருண்டு வருமே, அந்த மாதிரி. சுருண்ட கீற்றுகள் பைப்ரினில் சிக்கி, வால்விலோ அறையிலோ ஒட்டிக்கொள்கின்றன. கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தும்போதும் இப்படி நடக்கலாம் என்கிறார்கள். ஆனால் இதயத்துக்குள் எந்தக் கருவியும் போகாதவர்களிலும் இது கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அதனால், ஒரு உறுத்தலுக்கு உடல் காட்டும் எதிர்வினையாகவும் இது உண்டாகலாம் என்பது இன்னொரு கருத்து. குடலிறக்கப் பைகளில் இதற்கு ஒத்த ஒன்றை 1975இலேயே விவரித்திருக்கிறார்கள்.

ஏமாற்றம் எங்கே நடக்கிறது என்றால், அந்தச் சுருண்ட ஆடையைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஓட்டையுள்ள குழாய்போலத் தெரியும். சுரப்பிப் புற்றுநோயும் குழாய்போலத்தான் தெரியும். சந்தேகத்தில் கெரட்டின் என்ற சாயப்பரிசோதனை போட்டால் மீசோதீலியமும் நிறம் பிடிக்கும், புற்றுநோயும் நிறம் பிடிக்கும். அந்த ஒன்றோடு நின்றுவிட்டால் தவறு உறுதியாகிவிடும். கல்ரெட்டினின் என்ற சாயம் போட்டால் மீசோதீலியம் தன் முகத்தைக் காட்டும், சிடி68 என்ற சாயம் போட்டால் மிச்சக் கூட்டம் ஹிஸ்டியோசைட் என்று தெரியும், பெர்-ஈபி4, சிஇஏ போன்ற சுரப்பிப் புற்றுநோய்ச் சாயங்கள் பிடிக்காமல் போகும். அப்போது கதை மாறும்.

எங்கள் விஷயத்தில் கதை மாறியது ஒரு துண்டுக் கடதாசியால். போத்தலோடு போன முதல் விண்ணப்பத்தில் ‘திசு, இதயம்’ என்று இரண்டே சொல்தான் இருந்ததாம். வால்வு ஒப்பரேஷனின்போது தளர்வாகக் கிடந்தது, எக்கோவில் முன்பு எதுவும் தெரியவில்லை, நோயாளிக்குப் புற்றுநோய் வரலாறு இல்லை, இந்த மூன்றையும் யாரும் எழுதவில்லை. இரண்டாவது முறை பார்த்த நோயியல் நிபுணர், நான் கொண்டுபோன பையைத் திறக்குமுன்னே, “எந்த இடத்தில எடுத்தது? தொங்கினதா, பதிஞ்சிருந்ததா? ஒப்பரேஷன் தொடங்கி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு கண்டாங்க?” என்று கேட்டார். முதல் கேள்வியைத் தவிர ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன். அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் நுண்ணோக்கியில் குனிந்தார்.

ஆகவே இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்யவேண்டியது இது. சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி, எக்கோ ரிப்போர்ட், பழைய வருத்தங்களின் பட்டியல், முன்பு கதீட்டர் பரிசோதனை செய்திருந்தால் அந்தத் திகதி, எல்லாம் ஒரு உறையில் வேண்டும். இரண்டாவது கருத்துக்குப் போவதென்றால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோவதில் பயனில்லை. கண்ணாடித்தகடுகளையும் மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகடு ஏற்கனவே வெட்டியது, மெழுகுக்கட்டி இருந்தால்தான் புதிய சாயம் போட முடியும். ஓட்டோவில் கொண்டுபோகும்போது மடியில் வையுங்கள், கண்ணாடி உடையும், மெழுகு வெயிலில் இளகும். கேட்பதற்குச் சங்கடப்படவேண்டாம். இரண்டாவது கண் பார்ப்பது நோயியலில் வழமை, எந்த நல்ல நிபுணரும் கோபிக்கமாட்டார். இதய நோயியலில் பழக்கமுள்ளவர் பார்ப்பது மேல்.

படி 7: எடுப்பதா, விடுவதா

மைஸ் என்று உறுதியானால் அதற்கென்று சிகிச்சை இல்லை. கீமோ இல்லை, கதிர்ச்சிகிச்சை இல்லை. எடுத்த பின் திரும்ப வளரும் வழக்கமும் இல்லை. வால்வுக்கான கிளினிக்கை மட்டும் தவறவிடக்கூடாது.

பிறவி மடிப்புகளையும் கியாரி வலையையும் விட்டுவிடுவார்கள். கொழுப்புச் சுவரையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், துடிப்புக் குழப்பமோ இரத்தவோட்டத் தடையோ வந்தால் மட்டும் யோசிப்பார்கள்.

மிக்சோமா அப்படியில்லை. கண்டுபிடித்தால் அதிகம் காத்திருக்காமல் எடுக்கச் சொல்வார்கள். இடதுபக்கம் என்றால் முன்கூட்டியே ஊசியால் கிள்ளிப் பயொப்சி எடுப்பதையும் தவிர்ப்பார்கள், துணுக்கு உடைந்து மூளைக்குப் போகக்கூடும் என்பதால். 1954இல் ஸ்டொக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதயநுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலாக ஒரு மிக்சோமாவை வெற்றிகரமாக எடுத்தார். இன்று அது நன்கு பழகிப்போன ஒப்பரேஷன். இளவயதில் வந்தால், ஒன்றுக்கு மேல் இருந்தால், உதட்டிலும் முகத்திலும் கரும்புள்ளிகள் இருந்தால், குடும்பத்தில் இன்னொருவருக்கும் வந்திருந்தால், கார்னி கொம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறா என்று கேளுங்கள். அப்போது கூடப்பிறந்தவர்களும் எக்கோ பார்க்கவேண்டி வரும்.

பைப்ரோஎலஸ்டோமா இடதுபக்க வால்வில் ஆடிக்கொண்டு 1 சென்டிமீற்றரைத் தாண்டினாலோ, ஏற்கனவே பக்கவாதம் தந்திருந்தாலோ எடுப்பதைப் பற்றிக் கதைப்பார்கள். சிறியதென்றால் கண்காணிப்பு.

குழந்தைகளின் கதை தனி. கைக்குழந்தையின் இதயத்தில் கட்டி என்றால் பெரும்பாலும் ரப்டோமையோமா, வளர வளர அது தானாகச் சுருங்கிவிடும். ஆனால் அது டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்பதால் தோலில் வெளிறிய இலைவடிவப் புள்ளி, வலிப்பு இவற்றைப் பார்ப்பார்கள். கொழும்பில் இதற்குப் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதிய எதையும் வைத்துப் பிள்ளையின் விஷயத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

படி 8: காத்திருக்கும் நாட்களில்

கிளினிக் திகதி வரும்வரை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டியது இவ்வளவுதான். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், திடீரென்று மயங்கி விழுந்தால், படுக்க முடியாமல் மூச்சு முட்டினால், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். தண்ணீர் தெளித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்கவேண்டாம். அம்புலன்ஸில் வருபவரிடம் “இதயத்தில் ஒரு திரள் இருக்கிறது என்று எக்கோவில் சொன்னார்கள்” என்ற ஒரு வரியைச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடுவதை நான் தடுக்கமாட்டேன், நானே தேடினேன். ‘இதயக் கட்டி’ என்று மட்டும் தேடினால் மோசமானதுதான் முதலில் வரும். எந்த அறை, காம்பா அடியா, ஆடுகிறதா என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

கடைசியாகக் கோப்பு. பெரியப்பா எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு பச்சை நிறக் கோப்பில் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார், பழையது மேலே. மூன்று மாதம் கழித்து வால்வு கிளினிக்குக்குப் போனபோது, அன்று புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் கோப்பைத் திறந்ததும் முகம் மாறி, “ஐயா, கான்சருக்கு எங்க காட்டுறீங்க?” என்று கேட்டார். பெரியப்பாவின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நான் தேடி எடுத்து இரண்டாவது ரிப்போர்ட்டைக் காட்டினேன். டொக்டர் அதை வாசித்துவிட்டு, மைஸ் என்ற சொல்லைத் தன் போனில் தேடிப் பார்த்தார், பிறகு சிரித்தார். மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, இரண்டாவது ரிப்போர்ட்டை முதலாவதன் மேல் வைத்து அடித்தார். முதலாவதின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போட்டு, ‘மறுபரிசீலிக்கப்பட்டது, மேலே பார்க்க’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். “இனி இப்பிடியே வச்சுக்கொள்ளுங்க ஐயா” என்றார்.

வெளியே வந்ததும் பெரியப்பா அந்தக் கோட்டை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோப்பை மூடி என்னிடம் தந்துவிட்டு, கன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.